அப்பாவின் கூச்சக்காரி

அப்பா ஓர் ஆப்பிரிக்கப் பெண்ணை இரண்டாம் தாரமாகக் கட்டப்போகிறார் என்று நான் முழுதாக நம்பியிருந்தேன். எனக்கு வயது ஒன்பது, ஆதாரங்களுக்குக் குறைவில்லை.

அப்பாவும் நானும் முதலில் டென்மார்க்குக்கு வந்து, ஸ்கீவ என்ற ஊரில் இருந்தோம். அம்மா யாழ்ப்பாணத்தில். குடும்பத்தைக் கூப்பிடும் விண்ணப்பங்களை எல்லாம் டேனிஷ் அமைச்சு வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்த, பின்னால் 'தமிழர் வழக்கு' என்று பேரெடுத்த காலம் அது. அப்பாவுக்கு ஒரு பறவைப் பூங்காவில் கூண்டு கழுவும் வேலை. ஒருநாள் அவர் விபோர்க்கில் இருந்த சித்தப்பாவுடன் ஃபோனில் கதைத்ததை, குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"ஓமடா, அவள் போன கிழமை வந்திட்டாள். ஆப்பிரிக்காக்காரி. சரியான கூச்சம், ஆளைக் கண்டா ஒளிக்கிறாள். என்ர கையால குடுத்தாத்தான் சாப்பிடுறாள்."

எனக்கு நெஞ்சு எரிந்தது. எனக்கு ஒரு நாளாவது ஊட்டிவிட்ட மனுஷனா இவர்? பாண் துண்டையும் அவித்த முட்டையையும் மேசையில் வைத்து "தின்" என்பவர், ஞாயிறு லீவிலும் தலையைப் படிய வாரிக்கொண்டு அவளிடம் ஓடுகிறார்! அம்மா வந்து இறங்கும் நாளில் இவள் கதவைத் திறந்தால்?

அடுத்த ஞாயிறு காலை அவருடைய சைக்கிளின் இரண்டு டயரிலும் காற்றைத் திறந்துவிட்டேன். குடும்பத்தைக் காப்பாற்றிவிட்ட மிதப்பில் உள்ளே வந்து, நல்ல பிள்ளையாகப் பால் குடித்தேன்.

அப்பா டயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி, பஸ்ஸில போவம். நீயும் வா, அவளைக் காட்டுறன்."

பஸ்ஸில் ஒரே யோசனை. 'சின்னம்மா' என்பதா, 'அன்ரி' என்பதா? ஒன்றும் கூப்பிடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

கூண்டுக்குள், பாறைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தவளுக்குத் தலையில் ஓர் இறகுகூட இல்லை. பாதி மண்டை நீலம், பாதி சிவப்பு, கழுத்து சாம்பல். கமரூன் காட்டுப் பறவையாம்; பூச்சி புழுதான் சாப்பாடு. அப்பா ஒரு புழுவை நீட்டினார். தத்தி வந்து கொத்திக்கொண்டு ஓடிவிட்டது. டேனிஷ்காரர் அதை 'ஹுன்', அதாவது அவள், என்றுதான் சொல்வார்கள். வேலையில் கேட்டதை அப்பா அப்படியே தமிழிலும் சொல்லப் பழகியிருந்தார். இதற்காகவா இந்த மனுஷன் தலை வாரினார்!

பக்கத்தில் இன்னொன்று நின்றது.

"இவன் முதலே வந்தவன். தனியச் சாப்பிடாமக் கிடந்தவன். அதுதான் ஜேர்மனியிலயிருந்து அவளை எடுத்துக் குடுத்தவங்கள்," என்றார் அப்பா. கம்பி இடுக்கால் அவனுக்கும் ஒரு புழுவை நீட்டினார். "குடுத்து வைச்சவன்."

அவ்வளவு பெரிய கூண்டும் வேளாவேளைக்குப் புழுவும் கிடைத்தால் யாரும் கொடுத்துவைத்தவன்தானே என்று நானும் தலையாட்டினேன்.

அந்தச் சோடி அந்தக் கோடையிலேயே மண்ணால் கூடு கட்டியது. அம்மா வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது.