வெந்நீர்க் கால்வாய்

நான் நர்ஸாக வேலை பார்க்கும் இந்த வெளிநாட்டு மலையூரின் ஏரி, எப்போதோ அணைந்த எரிமலையின் வாயில் தேங்கியது. குளிர்காலத்தில் கரையெல்லாம் உறைந்துவிடும். வெந்நீர் ஊற்று கலக்கும் மூலையில் மட்டும் ஆவி பறக்கும். ஊர்ப் பெண்கள் அங்கேதான் துணி துவைப்பார்கள். இன்று காலை நானும் வாளியோடு போனேன். சோப்பு வாசனையும் ஆவியும் முகத்தில் பட்டதும் நான் வளர்ந்த எண்ணூருக்கே போய்விட்டேன்.

அங்கே அனல்மின் நிலையத்தின் சூடான தண்ணீர் ஒரு கால்வாயில் வரும். மார்கழி விடிந்தால் எங்கள் தெருப் பெண்கள் எல்லாம் அதன் கரையில்தான். நைனாவுக்கு நிலையத்தில் பாய்லர் வேலை. கரி படிந்த அவர் சட்டைகளை அம்மா கல்லில் அடித்துத் துவைப்பாள்.

"இந்தத் தண்ணி மட்டும் எப்டிம்மா சுடுது?"

"உன் நைனா உள்ள கரி அள்ளிப் போட்டுகினு கீறாரே, அதான்."

அப்படியே நம்பினேன். சூடு கூடினால், "நைனா, போதும்!" என்று நிலையத்தைப் பார்த்துக் கத்துவேன். வேலை முடிந்து வந்ததும் அவர், "காலைல கூப்ட்டியே, கேட்டுச்சு" என்பார்.

ஒரு மார்கழியில் நைனா காய்ச்சலில் இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து, அம்மா மறுபடி துணி மூட்டையோடு கால்வாய்க்கு வந்தாள். நான் தண்ணீரில் கைவிட்டேன்.

"யம்மா, சுடுது! நைனா வேலைக்குப் பூட்டாரு!"

அம்மா மூட்டையை இறக்கினாள். இரண்டு கைகளையும் முழங்கை வரை தண்ணீரில் விட்டு, துவைக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஏரிக்கரையில் என் பக்கத்தில் துவைத்துக்கொண்டிருந்த பெண் என் தோளைத் தொட்டு, என்ன ஆயிற்று என்று சைகையில் கேட்டாள். குனிந்து பார்த்தேன். என் கைகளும் முழங்கை வரை தண்ணீருக்குள் இருந்தன.