வீரைமோட்டையில் கேட்ட மறுமொழி

இது கட்டுக்கதை அல்ல. மன்னார் பள்ளிமுனையில் இருக்கும் சோபனாவிடம் ஒரு நாற்பது பக்கக் கொப்பி உண்டு. 2012ஆம் ஆண்டு யூலை பன்னிரண்டாம் திகதி, வியாழக்கிழமை, அவள் பார்த்த நேரமெல்லாம் அதில் வரிசையாக எழுதியிருக்கிறது. பகல் 12.14 வரைக்கும் நேரத்துக்குப் பக்கத்தில் குறிப்பும் இருக்கும். அதற்குப் பிறகு வெறும் நேரங்கள் மட்டும்தான். எழுத்து கோணல்மாணலாக ஓடும். இருட்டில் நடந்ததென்றால் கண்மயக்கம் என்று தள்ளிவிடலாம். இதுவோ வெயில் கொளுத்திய உச்சிப்பொழுதில் நடந்தது.

சோபனாவும் அவள் கணவன் லோறன்ஸும் தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் செய்து, சண்டை முடிந்த பிறகு ஊர் திரும்பியவர்கள். ஊர் என்றுதான் பெயர். இருவருக்கும் அது புது இடம். லோறன்ஸ் கடலுக்குப் போய்ப் பார்த்தான், மேசன் வேலைக்குப் போய்ப் பார்த்தான். ஒன்றும் நிலைக்கவில்லை. கடைசியில் ஒருவரின் வான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் கனடாவிலிருந்து சித்தப்பா மகன் நிலக்சன் கதைத்தான். ஓகஸ்டில் சிநேகிதர் எட்டுப் பேரோடு வருகிறானாம். கடலும் பார்க்க வேண்டும், காடும் பார்க்க வேண்டும், ஒரு நாளாவது காட்டுக்குள் நடக்க வேண்டும். பயணத்துக்கு வழி போடுகிற வேலை லோறன்ஸினுடையது.

அவன் இரண்டு கிழமை வேறு எதையும் நினைக்கவில்லை. முதல் நாள் பெருக்கமரம், தள்ளாடிப் பாலம், அரிப்புக் கடற்கரை. இரண்டாம் நாள் சிலாவத்துறைக்கு அங்கால் இறங்கி, காட்டுக்குள் வீரைமோட்டைக் குளம் வரை நடை. சண்டையில் சனம் இடம்பெயர்ந்த பின் ஆளில்லாமல் கிடக்கும் சின்ன ஊர் அது.

"இது சரியா வந்திட்டா இதையே தொழிலாச் செய்யலாம், சோபனா. ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறது, காட்டுறது. வேற ஒருத்தரிட்டையும் கைகட்டி நிக்கத் தேவையில்லை."

அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் கண்டு கனநாள். வெள்ளோட்டம் பார்க்கத் தானும் வருவதாகச் சொன்னாள். எந்த இடத்துக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்று குறித்துக்கொள்வது அவள் பொறுப்பு.

காலை 5.40க்கு மோட்டார்சைக்கிளில் வெளிக்கிட்டார்கள். 7.20க்கு அரிப்பு. 8.10க்குச் சிலாவத்துறையில் தேத்தண்ணி. 8.50க்குக் காட்டு ஓரம், மிதிவெடி அகற்றுகிறவர்களின் கூடாரம். அங்கே பொறுப்பாக இருந்தவன் நிரூபன் என்ற பொடியன். நல்ல மாதிரி.

"பழைய ஊர் மட்டும் பாதை துப்பரவு. குளக்கட்டும் துப்பரவு. வெள்ளைக் கட்டை அடிச்சிருக்கு, அதுக்குள்ள நடவுங்கோ. சிவப்புக் கட்டைக்கு அங்கால ஒரு அடியும் வையாதேங்கோ, அண்ணை."

"அங்க உங்கட ஆக்கள் நிக்கினமோ?"

"இல்லை. மூண்டு கிழமையா அந்தப் பக்கம் ஒருத்தரும் போறேல்லை."

நடந்தார்கள். வழியெல்லாம் பாலை மரமும் வீரை மரமும். கொப்பியில் 9.35க்கு 'ரெண்டு மயில்' என்றிருக்கிறது. 10.10க்கு 'நல்ல நிழல், தண்ணி குடிக்கலாம்'. 10.55க்கு 'குளக்கட்டு தெரியுது'. 11.20க்கு 'ஊர்'.

ஊரென்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. கூரையில்லாத சுவர்கள் நாலைந்து. ஒரு கிணறு. பாதை முடிகிற இடத்தில் பெரிய பாலை மரம் ஒன்று. வலப்பக்கம் குளக்கட்டு, இடப்பக்கம் சிவப்புக் கட்டைகளும் மண்டையோட்டுப் படம் போட்ட பலகையும். அதற்கு அங்கால் பற்றைக்காடு.

கிணற்றடியில் சோபனா நின்றாள். கிணற்றுக்கட்டு ஈரமாக இருந்தது. யாரோ அப்போதுதான் தண்ணீர் அள்ளிவிட்டுப் போனதுபோல், வழிந்த தண்ணீர் இன்னும் நிலத்தில் ஊறிக்கொண்டிருந்தது.

"ஆரோ குளிச்சிருக்கினம்."

"குரங்காயிருக்கும்" என்று லோறன்ஸ் சிரித்தான்.

எட்டிப் பார்த்தாள். கிணற்றில் தண்ணீர் இல்லை. அடியில் சருகு மட்டும் கிடந்தது.

அவள் அதைச் சொல்லவில்லை. அவனுடைய சந்தோசத்தைக் கெடுக்க மனமில்லை. பாலை மரத்தடியில் இருந்து றொட்டியும் சம்பலும் சாப்பிட்டார்கள். 11.45க்கு லோறன்ஸ் எழும்பிக் கையைத் துடைத்தான். குளக்கட்டில் ஏறி அங்கால் இறக்கம்வரை பார்த்து, படம் எடுக்க நல்ல இடம் இருக்கிறதா என்று பார்க்கப் போனான்.

"பத்து நிமிசம். நீ இதில இரு."

பத்து நிமிசம் போனது. அதற்கு மேலும் போனது. மயில் கத்துவது நின்றிருந்தது. இலை அசையவில்லை. தன் மூச்சுச் சத்தம் அவளுக்கே கேட்டது.

11.58. எழும்பி நின்று கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ... வாங்கோ!"

"வாறன்."

லோறன்ஸின் குரல்தான். மனம் ஆறியது. இருந்தாள்.

12.06. ஆளைக் காணவில்லை.

"என்ன செய்யிறியள்? வாங்கோ!"

"வாறன்."

அதே குரல். அதே தூரம். ஒரு எட்டுக்கூடக் கிட்ட வந்ததாகத் தெரியவில்லை.

12.14. மூன்றாம் தரம் கூப்பிட்டாள். மறுமொழி வந்தது. அப்போதுதான் ஒன்று அவளுக்கு விளங்கியது. கொப்பியில் எழுதினாள், 'குரல் இடப்பக்கம்.'

லோறன்ஸ் போனது வலப்பக்கம்.

இடப்பக்கம் சிவப்புக் கட்டை.

"ஐயோ, அதுக்குள்ளயோ நிக்கிறியள்? அசையாதேங்கோ! இல்லை... வந்த வழியால வாங்கோ! மெல்லமா வாங்கோ!"

அவள் சிவப்புக் கட்டைகளுக்கு அங்கால் எட்டிப் பார்த்தாள்.

பிறகு...

"வாறம்."

வாறன் இல்லை. வாறம்.

ஒருவன் வந்தால் வாறன் என்பான். பலபேர் சேர்ந்து வந்தால்தான் வாறம். அந்தச் சொல்லில் லோறன்ஸின் குரல் இருந்தது. அதன் அடியில் ஒரு பெண்ணின் குரலும் இருந்தது. அதற்கும் அடியில், மழலை மாறாத ஒரு குரல்...

சோபனா 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கினாள். மிச்சம் வரவில்லை. தொலைபேசியில் சிக்னலும் இல்லை. ஆனாலும் அவள் வந்த வழியே திரும்பி ஓடவில்லை. அவளுக்கு அவன் வேண்டும். அவ்வளவுதான்.

குளக்கட்டுக்கு ஓடினாள்.

12.23. குளக்கட்டில் ஏறிப் பார்த்தாள்.

கட்டுக்கு அங்கால், இறக்கத்தில், அங்கேயும் அடித்திருந்த சிவப்புக் கட்டைகளுக்கு உள்ளே லோறன்ஸ் நின்றான். இருபது யார் தூரம். ஒரு காலை முன்னே வைத்தபடி, சிலைபோல.

"கிட்ட வராத!" என்று கத்தினான். "அதிலயே நில்!"

"நீங்கள் ஏன் இதுக்குள்ள..."

"நீதானே கூப்பிட்டனி! வாறன், வாறன் எண்டு இதுக்குள்ளயிருந்து சொன்னனி. நீ வழி மாறிப் போட்டாயெண்டுதானே ஓடிவந்தனான்!"

"நான் மரத்தடியைவிட்டு அசையேல்லை."

அவன் கண்ணால் மட்டும் நிலத்தைக் காட்டினான். அவனுடைய முன்காலுக்கு ஒரு சாண் தள்ளி, சருகுக்குள், சின்னத் தகரப் பேணி மூடி மாதிரி ஒன்று பச்சையாகத் தெரிந்தது. பின்னால், அவன் நடந்து வந்த அடித்தடம் தெரியவில்லை. எல்லாம் காய்ந்த சருகு.

அவள் குளக்கட்டிலிருந்து இறங்கக் காலை வைத்தாள்.

"சோபனா! இறங்கினியெண்டா நான் நடக்கத் தொடங்குவன். ரெண்டு பேரும் சாவம். போ. நிரூபனைக் கூட்டிக்கொண்டு வா."

"உங்களைத் தனிய விட்டிட்டோ?"

"போ!"

ஆறு கிலோமீற்றர் ஓட வேண்டும். ஆறு கிலோமீற்றர் திரும்பி வரவேண்டும். அவ்வளவு நேரமும் அவன் இங்கே நிற்க வேண்டும். அவளுடைய குரலில் கூப்பிடுகிற ஒன்றோடு. நெஞ்சில் அடித்து அழவேண்டும் போலிருந்தது. அழ நேரமில்லை.

"வடிவாக் கேளுங்கோ" என்றாள். "நான் திரும்பி வந்து கூப்பிட மாட்டன். ஒரு சத்தமும் போடமாட்டன். பேசாம இதில வந்து நிப்பன். கூப்பிடுற குரல் என்ரையில்லை. என்ன சொன்னாலும் அசையாதேங்கோ. சத்தியம் பண்ணுங்கோ."

"சத்தியம்."

ஓடினாள். ஊரைத் தாண்டி, கிணற்றைத் தாண்டி, வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே.

12.40 இருக்கும். பின்னால் கேட்டது.

"இஞ்சாருங்கோ... வாங்கோ..."

அவளுடைய குரல். அவள் வாய் மூடியிருந்தது.

"வாங்கோ... மெல்லமா வாங்கோ..."

போகாதேங்கோ என்று கத்த வாயெடுத்தாள். கத்தினால் அதுவும் தன் குரல்தானே. எது மெய் என்று அவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? உதட்டைக் கடித்தாள். இரத்தம் கரித்தது. ஒரு வெடிச்சத்தம் கேட்குமோ என்று காதைக் கொடுத்துக்கொண்டே ஓடினாள். விழுந்தாள். எழும்பி ஓடினாள்.

1.25. கூடாரம்.

2.50. நிரூபனோடும் இன்னும் இரண்டு பேரோடும் குளக்கட்டில் ஏறினாள்.

லோறன்ஸ் நின்றான்.

அப்படியே நின்றான். போட்டிருந்த சேட்டைக் கிழித்து இரண்டு காதிலும் அடைத்திருந்தான். கண்களை இறுக்கி மூடியிருந்தான். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அவளால் கூப்பிட முடியாது. தானே போட்ட கட்டளை. கண்ணைத் திறவுங்கோ, ஒருக்கால் திறவுங்கோ என்று மனதுக்குள் மன்றாடினாள். அவன் திறக்கவில்லை.

நிரூபன் மிதிவெடி தேடும் கருவியோடு படுத்துக்கொண்டு தொடங்கினான். ஒரு அடி. கருவி கூவும். நிறுத்துவான். மண்ணை விரலால் விலக்குவான். இன்னொரு அடி. மூன்று மணித்தியாலத்துக்கு மேல் சோபனா குளக்கட்டில் நின்றாள். இருக்கவுமில்லை, தண்ணீர் குடிக்கவுமில்லை. அவன் ஒரு பக்கம் சரிந்தால் எல்லாம் முடிந்தது.

6.10. வெளிச்சம் மங்கத் தொடங்கியது. நிரூபனின் கை லோறன்ஸின் காலைத் தொட்டது.

லோறன்ஸ் வீரிட்டான். அந்தச் சத்தத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை என்கிறாள் சோபனா.

வெளியே கொண்டுவந்த பிறகும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று நாள் வாயே திறக்கவில்லை. நாலாம் நாள் சொன்னான்.

"நீ போன கையோட உன்ர குரல் கூப்பிடத் தொடங்கிட்டுது. காதை அடைச்சனான். அடைச்சும் கேட்டுது. ஒவ்வொரு தரமும் எனக்குப் பின்னாலயிருந்து மறுமொழி வந்தது. வாறம்... வாறம் எண்டு. ஒவ்வொரு தரமும் கிட்டக் கிட்ட..."

"பிறகு?"

"பிறகு பிடரிக்குக் கிட்ட. மெல்லமா. 'வந்திட்டம்' எண்டு."

அவன் கையால் பிடரியைப் பொத்தினான்.

"அதுக்குப் பிறகு சத்தம் இல்லை. ஆனா போகேல்லை. நிரூபன் காலைத் தொடுமட்டும் பின்னாலயே நிண்டவை."

ஓகஸ்டில் நிலக்சன் வந்தபோது கடல்பக்கம் மட்டும் காட்டி அனுப்பினார்கள். ஒக்ரோபர் கடைசியில் நிரூபன் தொலைபேசியில் கதைத்தான். அந்த நிலம் முழுதும் துப்பரவாக்கி முடிந்ததாம். ஒரு சாண் மிச்சமில்லாமல் கிண்டிப் பார்த்தாயிற்றாம். பிறகு குரல் தணிந்தது.

"அண்ணை நிண்ட இடத்துக்குப் பின்னால, ரெண்டடியில எலும்பு எடுத்தனாங்கள், அக்கா. அஞ்சு பேர். ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தரா, வரிசையா. பொலிஸ் வந்து கொண்டுபோயிட்டினம்."

வீரைமோட்டைக்காரர் ஒருவர் அரிப்பில் இருப்பதாகக் கோயிலில் சொன்னார்கள். பெயர் யாகப்பர். இருவரும் போனார்கள். குரலைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லக் கூடாது என்று வழியிலேயே பேசிவைத்திருந்தார்கள். எலும்பு எடுத்த செய்தியை மட்டும் சொன்னார்கள்.

யாகப்பர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

"அது என்ர தங்கச்சி சந்தனத்தின்ர குடும்பம்" என்றார். "ஊர் எழும்பி ஓடின அண்டைக்கு உழவு மெசினை நான்தான் பாலை மரத்தடியில வைச்சுக்கொண்டு நிண்டனான். எல்லாரும் ஏறியாச்சு. அவை மட்டும் குளத்துக்கு அங்கால. ஷெல் விழுந்துகொண்டிருக்கு. நான் நிண்டு கூப்பிட்டன். வாங்கோ, கெதியா வாங்கோ எண்டு. நாலு தரம் கூப்பிட்டன்."

சோபனா லோறன்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலு தரமும் 'வாறம்' எண்டவை, பிள்ளை. அஞ்சாந்தரம் கூப்பிட என்னால நிக்க முடியேல்லை. மெசினை எடுத்திட்டன்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர்போல் நிமிர்ந்தார்.

"எத்தினை பேர் எண்டனீங்கள்?"

"அஞ்சு பேர், ஐயா."

"வடிவாப் பாத்தவையோ?"

"ஓம். முழு நிலமும் கிண்டி முடிஞ்சுது."

யாகப்பர் விரல்விட்டு எண்ணினார். உதடு ஒவ்வொரு பெயராகச் சொன்னது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

"அவை ஆறு பேர், பிள்ளை."

அன்றிலிருந்து சோபனா எவரையும் வாங்கோ என்று கூப்பிடுவதில்லை. சாப்பாட்டுக்கு அழைப்பதென்றாலும் கிட்டப் போய், கணவனின் தோளைத் தொடுவாள்.