மஞ்சள் களிக்கு மாட்டிய ராகிச் சட்டை

1. மூட்டைகளுக்குப் பின்னால்

முந்நூறு பேர் தட்டைத் தட்ட ஆரம்பித்ததும் நான் ஸ்டோர் ரூமில் ஒளிந்துகொண்டேன். பி.எஸ்சி. படித்த கேன்டீன் சூப்பர்வைசர் ஒளிந்த இடம், மக்காச்சோள மாவு மூட்டைகளுக்குப் பின்னால்.

அறுபதுகளின் நடுவில் அரிசிக்கும் ராகிக்கும் தட்டுப்பாடு. அடுகோடிப் பக்கம் இருந்த எங்கள் தொழிற்சாலைக்கு இந்த மாவு மலிவாக வந்தது. மதியம் களியும் கீரையும் போடச் சொன்னார் மேனேஜர். சமையலுக்குப் பொறுப்பு ராஜம்மா, ஜீவனஹள்ளியிலிருந்து வருபவர். டெம்பரரி. அந்த மாதக் கடைசியில் பர்மனென்ட் ஆக வேண்டியவர்.

"மஞ்சக் களியைப் பாத்தா மாட்டுத் தீனின்னு சொல்லுவானுங்கம்மா," என்றேன்.

"சொல்லட்டும் சார். மஞ்சளை மஞ்சளாவே போடுவோம். இந்த மாவு ராகி மாதிரி இல்ல. தண்ணியும் அதிகம் கேக்கும், நேரமும் அதிகம் கேக்கும். கீரையில பருப்பு, பூண்டு போட்டு தளதளன்னு கடைஞ்சு ஊத்தினா வழுக்கிட்டு இறங்கிடும்."

எனக்கு அது போதவில்லை. மஞ்சள் உருண்டையின் மேல் ராகிக் களியைச் சட்டை போல மெல்லிசாகப் பூசச் சொன்னேன். களியை யாரும் மெல்வதில்லை; பிய்த்து, கீரையில் புரட்டி, விழுங்குவார்கள். உள்ளே என்ன நிறம் என்று தொண்டைக்குத் தெரியுமா?

"தொண்டைக்குத் தெரியாது சார். பிய்க்கிற விரலுக்குத் தெரியுமே!"

"சொன்னதைச் செய்யுங்கம்மா."

கையை நனைத்து நனைத்து முந்நூறு உருண்டைக்கும் சட்டை மாட்டினார். முதல் பந்தியில் லேத் ஓட்டும் டர்னர் அந்தோணி பிய்த்தார்.

"டேய், உள்ள மஞ்சக்கருடா! நம்ம கேன்டீன்ல கோழி வேலைக்குச் சேர்ந்திருக்கு!"

முதலில் சிரிப்பு. பிறகு, "யாரை ஏமாத்தறீங்க?" என்று கூச்சல். அப்போதுதான் ஒளிந்தேன். மேனேஜர் கண்டுபிடித்துவிட்டார்.

"யாருய்யா பண்ண வேலை இது?"

"சமையல் விஷயம் சார். ராஜம்மாவைத்தான் கேக்கணும்."

அந்த வார்த்தையை ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். சொல்லி முடித்த பிறகே கவனித்தேன்: மேனேஜருக்குப் பின்னால் கரண்டியோடு ராஜம்மா. சூப்பர்வைசரைக் காட்டிக்கொடுத்த டெம்பரரிக்கு என்ன கதி என்று அவருக்குத் தெரியும்.

"ஆமா சார், தப்பாயிடுச்சு," என்றார். என்னை ஒரு பார்வை பார்த்தார். "நாளைக்கு மஞ்சளாவே போடறேன் சார். மொத உருண்டையை எல்லார் முன்னாடியும் தானே முழுங்கிக் காட்டறேன்னு நம்ம சூப்பர்வைசர் சார் சொல்லியிருக்காரு."

2. முழுங்கிய கதை

எங்கள் வீட்டில் சோறுதான். களி விழுங்கிப் பழக்கமில்லை. மறுநாள் முந்நூறு பேர் பார்க்க, மென்றேன்.

"சார் மெல்றாரு மச்சா! தனக்குப் பல்லு இருக்குன்னு காட்டறாரு!"

"கீரையில நல்லாப் புரட்டுங்க சார். கண்ணை மூடிட்டு உள்ள அனுப்புங்க!" என்றார் அந்தோணி.

மூன்றாவது வாய் இறங்கியது. விசில் பறந்தது. சிரித்தவர்கள் சிரித்தபடியே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "இன்னும் ஸ்வல்பம் சொப்பு ஊத்துக்கா!" என்று கன்னடம் கலந்து கேட்டுக் கேட்டே கீரை அண்டாவைக் காலி செய்தார்கள்.

ஆனாலும் ராஜம்மாவின் பர்மனென்ட் ஆறு மாதம் தள்ளிப்போனது. அந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுத்தவன் நான். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "சாப்பிட வாங்க சார்," என்றார்.

என் தட்டில் ராகிச் சட்டை போட்ட மஞ்சள் களி. அன்றிலிருந்து மக்காச்சோளக் களி போடும் நாளெல்லாம் எனக்கு மட்டும் அப்படித்தான். "சாருக்குக் கோட்டு போட்ட களி!" என்று அந்தோணி அறிவிப்பார். அதற்கான ஒரு பிடி ராகியை ராஜம்மா தன் வீட்டிலிருந்து கொண்டுவருகிறார் என்று தெரிந்தபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டு மாதம் தாங்கினேன். பிறகு ஒரு காலை, மாடியேறி மேனேஜரிடம் உண்மையைச் சொன்னேன்.

"இதைச் சொல்ல ரெண்டு மாசமாய்யா?" என்று கேட்டு, என் இன்கிரிமென்டை நிறுத்தினார். ராஜம்மாவைக் கூப்பிட்டு அப்போதே பர்மனென்ட் ஆர்டரைக் கொடுத்தார்.

மதியம் என் தட்டில் விழுந்த களிக்குச் சட்டை இல்லை. மஞ்சளாக இருந்தது.

"ராகி தீர்ந்துடுச்சு சார்," என்றார் ராஜம்மா, இன்னொரு கரண்டி கீரை ஊற்றியபடி.

மேனேஜர் அறைக்குப் பதினாறு படிகள்தான். ஏற எனக்கு இரண்டு மாதம் ஆனது. அத்தனை நாளும் வேலை நிலைக்குமா என்று பயந்துகொண்டிருந்தவர் ராஜம்மா. உங்களுக்கு அப்படி ஒரு நாள் வந்தால், அன்றைக்கே ஏறிவிடுங்கள்.