நெறி கட்டிய கை

ஊசிக்குப் பயப்படாதவள் என்று வகுப்பில் எனக்கொரு பெயர் இருந்தது. பிரைமரி ஃபைவ் படிக்கும்போது பள்ளிக்கு நர்ஸ்கள் வந்து தடுப்பூசி போட்டார்கள். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்ள, நான் ஊசி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த வீரமெல்லாம் செங்காங் வீட்டுக்கு வந்து சேரும்வரைதான். சாயங்காலம் கை வீங்கிச் சிவந்து, தூக்க முடியாமல் போய்விட்டது.

அப்பாவுக்குச் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை, அன்று மதிய ஷிப்ட். ஆகவே வைத்தியம் முழுக்க அம்மாவுடையது. ஈரத்துணியில் ஐஸ் சுற்றி ஒத்தடம் கொடுத்தார். தைலம் தேய்த்துவிடச் சொன்னேன். தேய்த்தால் வீக்கம் கூடும் என்று மறுத்துவிட்டார்.

"கைய அப்படியே தொங்கப் போட்டுக்காத லா. மெதுவா ஆட்டிக்கிட்டே இரு."

அக்குளிலும் வலிக்கிறது என்று அழுதேன். அம்மா தொட்டுப் பார்த்தார்.

"நெறி கட்டியிருக்கு. ஊசி போட்டா சில பேருக்கு அப்படித்தான். தானா அமுங்கிடும்."

நான் நம்புகிற பிள்ளையில்லை. நெறி எல்லாருக்கும் உண்டு என்று காட்டுவதற்காக அம்மா தன் அக்குளிலும் விரல் வைத்து அழுத்தினார். விரல் அங்கேயே நின்றுவிட்டது. மறுபக்கம் தொட்டார், திரும்பவும் முதல் பக்கம் தொட்டார். அவர் முகம் மாறிப்போனது. என்னுடையது அவருடையதைவிடப் பெரிதாக இருக்கிறது, அதனால்தான் பயப்படுகிறார் என்று நான் கணக்குப் போட்டேன்.

துணியை என்னிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்ப் பெரியம்மாவுக்குப் போன் போட்டார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். ஆனால் எங்கள் வீட்டில் ரகசியம் பேசும் அளவுக்கு இடம் கிடையாது.

"அக்குள்ல கட்டி மாதிரி இருக்குக்கா. வலியே இல்ல, அதான் பயமா இருக்கு. நாளைக்கு லீவு போட்டுட்டு டாக்டர்கிட்ட காட்டிடறேன். அவர்கிட்ட இன்னும் சொல்லல."

யாருக்குக் கட்டி என்று அம்மா சொல்லவில்லை. தமிழில் அதைச் சொல்லாமலே பேசிவிட முடியும். நானே நிரப்பிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த கட்டிகள் இரண்டுதான். ஒன்று ஐஸ் கட்டி. இன்னொன்று கீழ்வீட்டு ஆண்ட்டிக்கு வந்தது. அவர் இறந்தபோது உடலை எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில்தான் வைத்திருந்தார்கள். பள்ளிவிட்டு வரும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் லிஃப்டுக்கு ஓடியிருக்கிறேன்.

வலியே இல்லையாம். வலியில் துடிப்பவள் நான். அதையே மறைக்கிறார் என்றால் விஷயம் எவ்வளவு மோசமாக இருக்க வேண்டும்?

காலையில் அம்மா கிளம்பியபோது நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். "நீ எதுக்கு? ஸ்கூலுக்குப் போ," என்றார். என் கட்டியைக் காட்ட நான் இல்லாமல் எப்படிப் போகிறார் என்று எனக்கு ஒரே கோபம்.

பள்ளியில் பாடம் எதுவும் காதில் ஏறவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அக்குளை அழுத்திப் பார்த்தேன். மதியத்துக்குள் வலி குறைந்துவிட்டது. வலி வருகிறதா என்று இன்னும் பலமாக அழுத்தினேன். வலி இல்லாததுதான் பயம் என்று அம்மாவே சொல்லியிருக்கிறாரே.

சாயங்காலம் அம்மாவும் பெரியம்மாவும் சேர்ந்து வந்தார்கள். செருப்பைக்கூட கழற்றவிடாமல் கேட்டேன்.

"என் கைய வெட்டணுமாம்மா? இப்ப வலிக்கவே மாட்டேங்குது."

அம்மாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு என் கையைத் தூக்கி அக்குளைத் தொட்டுப் பார்த்தார்.

"அமுங்கிடுச்சு கண்ணு. உனக்கு ஒண்ணும் இல்ல."

என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். பெரியம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஊசி போட்ட கைக்கே இத்தனை கண்ணீரா, நம்மேல் இவ்வளவு பாசமா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. லிட்டில் இந்தியாவிலிருந்து பெரியம்மா வாங்கி வந்த தோசையை நான்தான் அதிகம் சாப்பிட்டேன்.

அப்பா வேலை முடிந்து வந்ததும் கதவுக்கே ஓடி நல்ல செய்தியை நானே சொன்னேன். "டாக்டர் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாராம்பா." அம்மாவைப் பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அம்மா 'உனக்கு ஒண்ணும் இல்ல' என்றுதான் சொன்னார். அந்த 'உனக்கு' என் காதில் விழவேயில்லை.