x² = 9 எழுதிய சனிக்கிழமை

போன் வந்தபோது நான் போர்டில் எழுதியிருந்த கணக்கு இது. x-இன் மதிப்பு என்ன? ஒன்று: x² = 9. இரண்டு: x ஒரு முழு எண்.

தம்பானூரில் ஒரு லாட்ஜின் இரண்டாம் மாடியில், எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்கான சனிக்கிழமை வகுப்பு. நான் டேட்டா சஃபிஷியன்சி எடுத்தேன். அதில் விடையைக் கண்டுபிடிக்க வேண்டாம். கொடுத்த தகவல் விடை சொல்லப் போதுமா என்று மட்டும் சொல்ல வேண்டும். முதல் தகவலே போதும் என்றால் A. இரண்டையும் சேர்த்தாலும் போதாது என்றால் E. நடுவில் மற்ற மூன்று. புதிதாக வருகிறவர்கள் இந்தக் கணக்குக்கு A போடுவார்கள். x மூன்று என்று முடிவு கட்டிவிடுவார்கள். மைனஸ் மூன்று ஞாபகம் வராது. சரியான விடை E.

போனில் பக்கத்து வீட்டு லதா. "சேச்சி, கல்லாறுல திடீர்னு வெள்ளம் வந்து ஒரு காலேஜ் பொண்ணை அடிச்சுக் கொண்டுபோச்சாம். மீரா இன்னைக்கு அங்கதானே போயிருக்கா?"

அங்கேதான் போயிருந்தாள் என் மகள், தோழிகளோடு, காலை பஸ்ஸில். அவளிடம் செல்போன் கிடையாது. வகுப்புக்குத் திரும்பி டஸ்டரை எடுத்தேன், எதற்கென்று தெரியவில்லை. "என் பொண்ணை ஆறு கொண்டுபோயிடுச்சு" என்றேன்.

முன் பெஞ்சில் செல்வராணி. பாறசாலைக்காரி, வங்கி கிளார்க், வகுப்பிலேயே வாய் அதிகம். எழுந்து வந்து டஸ்டரை வாங்கி வைத்தாள்.

"பேரு சொன்னாங்களா?"

"இல்ல. ஒரு காலேஜ் பொண்ணு. மீராவும் அங்க போயிருக்கா."

"ரெண்டு தகவல். போதுமா டீச்சரே?"

நான் போர்டைப் பார்த்தேன்.

"மைனஸ் மூணை விட்டுட்டோம்னு எங்கள எத்தன நாளு ஏசியிருக்கிய. இப்ப நீங்க ப்ளஸ் மூணை விட்டுட்டு நிக்கிய. E போடுங்க. போட்டுட்டு பஸ்ஸுக்கு வாங்க, நானும் வாறேன்."

ஒன்றும் ஆகியிருக்காது என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பஸ்ஸில் வழி நெடுக மனம் ஒரே விடையை எழுதிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் அழித்தேன். செல்வராணி அவ்வப்போது "E" என்றாள், கண்டக்டர் ஸ்டாப் பெயர் சொல்வதைப் போல.

கல்லாற்றுக்கு பஸ் மாற வித்துராவில் இறங்கியதும் எதிர்ப்பக்கம் பார்த்தேன். திரும்பும் பஸ்ஸுக்காகக் காத்திருந்த பெண்களுக்கு நடுவில் மீரா நின்றாள்.

"அம்மா, க்ளாஸ் இல்லியா?" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் குரல் மாறியது. "நாங்க கரையிலதான் நின்னோம். அது வேற காலேஜ் பிள்ளை. கண்ணு முன்னாலயே போச்சும்மா."

அந்தப் பெண்ணின் அம்மாவுக்கும் யாரோ போன் செய்திருப்பார்கள். அவருக்கும் முதலில் இதே இரண்டு தகவல்கள்தான் கிடைத்திருக்கும்.

சந்தேகம் வந்தாலே E போடுகிறவர்களைச் சோம்பேறிகள் என்று முன்பெல்லாம் கிண்டல் செய்வேன். அடுத்த சனிக்கிழமையே அதை நிறுத்தினேன். போதாத தகவலைப் போதாது என்று ஒப்புக்கொண்டு, அடுத்த தகவலைத் தேடி எழுந்து போவது கடினமான வேலை. இந்தப் பாடம் எடுக்க வருகிறவர்கள் அதைச் சொல்லிக்கொடுங்கள்.

இன்றும் மீரா வீட்டுக்கு வரத் தாமதமானால் எனக்கு மைனஸ்தான் முதலில் வருகிறது. ப்ளஸ்ஸைப் பக்கத்தில் நானே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எழுதிக்கொள்கிறேன்.