அம்சா அண்ணியின் ஒன்பதாம் லெவல்

அம்சா அண்ணி ரயிலில் உட்கார்ந்து ரம்மி ஆடுகிறார் என்ற தகவல் எனக்கு மஸ்கட்டில் கிடைத்தது. பார்த்தவர் யாரென்று தெரியாது. திண்டிவனம் ஸ்டேஷனில் அவர் சொன்னதைக் கேட்ட என் பள்ளித் தோழன் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். "போன்ல டைம் ஓடிக்கினே இருக்குதாம்டா. முடிஞ்சதும் நெத்தியில அடிச்சிக்கினு 'பூட்ச்சே, பூட்ச்சே'ன்றாங்களாம். அண்ணன்கிட்ட சொல்லி வை." நான் அண்ணனிடம் சொல்லவில்லை. நிலம் இன்னும் அண்ணன் பேரில்தான் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்றை இணையத்தில் எடுத்துப் பார்த்தேன். இருந்தது. அப்படியும் தூக்கம் வரவில்லை. லீவு போட்டுவிட்டுக் கிளம்பி வந்தேன்.

வந்த மறுநாளே, பேங்க்கில் வேலை என்று பொய் சொல்லி, விழுப்புரம் பாசஞ்சரில் அண்ணியின் பக்கத்தில் இடம் பிடித்தேன். வண்டி நகர்ந்ததும் செருப்பைக் கழற்றினார். ஒரு காலை மடித்து சீட்டில் வைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைத் திறந்தார். எட்டிப் பார்த்தேன். சீட்டுக்கட்டு இல்லை. வளைந்து நெளிந்த தொகையீட்டுக் குறி ஒன்றும், அதற்கு மேலே இறங்கிக்கொண்டிருந்த கடிகாரமும் இருந்தன. நேரம் வைத்து கால்குலஸ் கணக்கு கேட்கிற இணையதளம்.

விஷயத்தைச் சொன்னேன். அண்ணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரம்மியா? அதுலயாவது ஜோக்கர் இருக்கும் தம்பி. இதுல அதுவும் கெடயாது."

அண்ணி விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குக் கணக்கு டீச்சர். பி.எஸ்சி. கணிதத்தில் ஒரு தாளைத் தவிர எல்லாம் பாஸ். கல்யாணம், பிள்ளைகள், மாமியாருக்கு ஆபரேஷன் என்று அந்த கால்குலஸ் தாள் அப்படியே நின்றுவிட்டது. இந்த வருடம் பழைய அரியர்காரர்களுக்குப் பல்கலைக்கழகம் கடைசி வாய்ப்பு ஒன்று கொடுத்தது. டிகிரி இல்லாதவர்கள் ஜூன் மாதம் பள்ளிக்கு வரவேண்டாம் என்று கரஸ்பாண்டன்ட்டும் சொல்லிவிட்டார்.

அண்ணிக்குத் தாளும் வேண்டாம், பேனாவும் வேண்டாம். தொடைமேல் புடவையில் ஆள்காட்டி விரலால் கணக்கை எழுதுவார். தப்பென்று தெரிந்தால் உள்ளங்கையால் புடவையைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து எழுதுவார். கேள்வி ஆங்கிலத்தில் இருக்கும். அவர் படிப்பது வேறு. "இந்த வளைஞ்ச வரப்புக்கு இந்தாண்ட எவ்ளோ நெலம்னு கேக்குறான்." அடுத்த கேள்வி வந்ததும் கோபம் வந்துவிட்டது. "தொட்டிக்குத் தண்ணி வுடறான், அடியில ஓட்டையும் வச்சிக்கினு இருக்கான். ஓட்டைய அடச்சா வேல முடிஞ்சிதே! நம்பள போட்டு பேஜாரு பண்றான்."

எதிர் சீட்டில் நர்ஸ் ஜெசிந்தா. முண்டியம்பாக்கத்தில் இறங்குகிறவர். அவருக்குக் கணக்கு தெரியாது. ஆனால் விடையைத் தொடப் போகும் நேரத்தில், அடுப்பு கேஸை மூடினாயா என்று கேட்கிற தொனியில் கேட்பார்: "ஏ அம்சா, சி போட்டியா?" தொகையீட்டின் கடைசியில் வரும் அந்த மாறிலியை மறப்பது அண்ணிக்குக் கல்லூரியிலிருந்தே உள்ள வியாதி. வேகவைத்த வேர்க்கடலையை 'மல்லாட்டை' என்று கூவி விற்பவர்கூட இந்தப் பெட்டியில் கூவுவதில்லை. ஜெசிந்தாவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவார். அவர் தலையசைத்தால்தான் வாய் திறப்பார்.

மயிலம் தாண்டியதும் சிக்னல் போனது. "டவரு பூடுது. டைம் மட்டும் எங்கிருந்து வருதோ தெரில" என்று அண்ணி நெற்றியில் அடித்துக்கொண்டார். விடை தப்பானால் திரை 'நைஸ் ட்ரை' என்று காட்டும். அதுதான் அவருக்கு ஆகாது. "கரஸ்பாண்டன்ட்டும் இப்பிடித்தான் சிரிச்சிக்கினே சொன்னாரு."

"பரீட்சை எப்போ அண்ணி?"

"அது எழுதி மாசம் ரெண்டு ஆவுது. இன்னிக்கு ரிசல்ட்டு. நெட் சென்டர் கோபிகிட்ட நம்பர் குடுத்துக்கிறேன். வந்தா போன் பண்ணும் அது."

நான் போனைக் காட்டினேன். "பின்னே இன்னும் எதுக்கு இது?"

"ஒம்போதாவது லெவல்ல நிக்கிறேன் தம்பி. பாதில வுட்டுட்டு எப்பிடி வர்றது?" அடுத்த கணக்குக்காகப் புடவையைத் துடைத்துக்கொண்டார். கொஞ்சம் கழித்து, என்னைப் பார்க்காமல், "அதுவும் இல்லாம, சும்மா உக்காந்தா ரிசல்ட்டையே நெனச்சிக்கினு இருப்பேன்" என்றார்.

விக்கிரவாண்டி தாண்டியபோது திரையின் உச்சியில் ஒரு பட்டை வந்து விழுந்தது. கடிகாரம் அதற்கடியில் மறைந்தது. 'கோபி நெட் சென்டர்'. போன் அதிர்ந்தது. ஜெசிந்தா எழுந்தே விட்டார். "எட்றீ அம்சா!" மல்லாட்டைக்காரர் கூடையை இறக்கி வைத்தார். நான் கையை நீட்டினேன். ஜூன் மாதம், பள்ளி, அண்ணன் முகம் எல்லாம் ஒன்றாக மனசில் ஓடியது.

"அண்ணி, எடுங்க. இல்ல, நான் எடுக்கறேன், குடுங்க."

"இருங்க, கடேசி கணக்கு இது."

அண்ணி குனிந்து காலடியிலிருந்த சாப்பாட்டுப் பையை எடுத்து, நீட்டியிருந்த என் இரண்டு கைகளிலும் வைத்தார்.

"சாம்பார் கொட்டிரும். சாயாம புடிங்க."

மறுபடியும் புடவைமேல் குனிந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது.