கூப்பிட்டுப் பழகிய பெயர்

போன வாரம் குரும்பலூருக்கு, தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். தம்பி மகள் நிவேதாவுக்குப் பெண் குழந்தை பிறந்து இருபது நாள்தான் ஆகிறது. வாசலில் செருப்பை விடும்போதே விளக்கில் சுட்ட வசம்பின் வாசனை வந்துவிட்டது. பிள்ளை பெற்ற வீட்டுக்குள் போனவர்களுக்கு அது தெரியும். மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டால் லேசில் இறங்காது.

எங்கள் அம்மா அதை வசம்பு என்று சொல்லவே மாட்டாள். 'பேர் சொல்லாதது' என்பாள். விளக்கு வைத்த பிறகு கடையில் போய் வசம்பு என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். 'பேர் சொல்லாதது கொடுங்க' என்றால் எடுத்து மடித்துக் கொடுப்பார்கள். சின்ன வயதில் எனக்கு அந்த வசம்பின்மேல் பொறாமையாகவே இருந்தது. பேரைச் சொல்லாமலே கூப்பிடுகிறார்களே, நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லையே என்று.

என் பெயர் அப்படி. இப்போது கேட்டால் எல்லோரும் சுமதி என்பார்கள். பெற்றவர்கள் வைத்தது சுயசாம்பிகை. இந்த இடத்தில் நீங்களும் ஒருமுறை நின்று எழுத்துக்கூட்டியிருப்பீர்கள். பரவாயில்லை, நானே என் பெயரைச் சரியாக எழுத மூன்றாம் வகுப்பு வரை ஆகிவிட்டது.

நாங்கள் திருமானூர்ப் பக்கம். கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் நெல். பங்குனி மாதம் வந்தால் எங்கள் ஜனம் மொத்தமும் திருமழபாடியில்தான் இருக்கும். புனர்பூசத்தன்று அங்கே நந்திக்குக் கல்யாணம். திருவையாற்றிலிருந்து நந்தி தலைப்பாகை கட்டிக்கொண்டு, மாப்பிள்ளையாகக் கொள்ளிடத்தைத் தாண்டி வருவார். பெண் இந்தக் கரை. அதனால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அன்று முழுவதும் பெண் வீட்டார் என்ற மிதப்பும் உண்டு, பதற்றமும் உண்டு. அப்பா நீர்மோர்ப் பந்தலில் நின்றுகொண்டு, "மாப்ள வூட்டுக்காரங்க வந்துட்டாங்க, மோரு பத்தாது போலருக்கே!" என்று கத்துவார். நிஜமாகவே சம்பந்தி கோபித்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவார் என்பதுபோல் இருக்கும் அவர் முகம். ஆற்று மணலில் மிதிபட்ட செவ்வந்தியும் மோரில் போட்ட கறிவேப்பிலையும் சேர்ந்து ஒரு வாசனை வரும். எனக்குக் கல்யாணம் என்றாலே இன்றும் அதுதான்.

மாப்பிள்ளையை எல்லோருக்கும் தெரியும். பெண்ணின் பெயரைக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். அவள்தான் சுயசாம்பிகை. பள்ளிக்கூடத்தில் டீச்சர், 'சுயம்' என்று வருவதால் தானாகத் தோன்றியவள் என்று பொருள் சொன்னார். நானும் தானாகத் தோன்றியவளாகவே வெகுநாள் நடமாடினேன். பிறகு கோயில் குருக்கள்தான் சிரித்தார். "சுயம் இல்லம்மா. சு-ன்னா நல்ல, யசஸ்-ன்னா புகழ். நல்ல புகழ் உள்ளவ" என்றார். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு வகுப்பில் நான் சம்பாதித்த புகழ், 'சாம்பார்' என்ற பட்டம். சுயசாம்பாரு வருது, வாளியத் தூக்கு என்பார்கள்.

நந்தி கல்யாணத்தன்று பிறந்த பெண்ணுக்கு அந்தப் பெயரை வைத்தால் நியாயம் உண்டு. நான் பிறந்ததோ ஐப்பசி அடைமழையில். ஒருநாள் அழுதுகொண்டே வந்து அம்மாவிடம் கேட்டுவிட்டேன். அம்மா ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள்.

"ஐப்பசில பொறந்த எனக்கு எதுக்கும்மா பங்குனிப் பேரு?"

அம்மா ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு விறகை உள்ளே தள்ளினாள். பிறகு, "கூப்ட்டுப் பழகிடுச்சு" என்றாள்.

இதென்ன பதில்! வைத்ததற்கு அப்புறம்தானே கூப்பிட்டிருப்பாள்? அம்மாவுக்குப் பதில் சொல்லச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டு மூக்கைச் சிந்திவிட்டு விளையாடப் போய்விட்டேன்.

தட்டச்சு பாஸ் பண்ணியதும் பெரம்பலூரில் ஒரு பருத்தி மண்டியில் வேலை கிடைத்தது. காலையில் திருமானூரில் பஸ் ஏறி, அரியலூரில் இறங்கி வேறு பஸ் பிடித்து ஓடுவேன். சாயங்காலம் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க, பாதிக் கிழவியாகத் திரும்பி வருவேன். முதலாளி நல்ல மனிதர், ஆனால் என் பெயர் மட்டும் அவர் வாயில் நிற்காது. ஒருநாள் சுயம்பு, ஒருநாள் சுயராஜ்யம். கடைசியில், "ஏம்மா சுயசரிதை, அந்த பில்லக் கொண்டா" என்பதில் நிலைத்துவிட்டார். மண்டியே சிரிக்கும். "பேசாம சுமதின்னு வச்சிக்கம்மா, வாய்க்கு வசதி" என்று அவர்தான் ஒருநாள் சொன்னார்.

எனக்கு அது வரம் கிடைத்த மாதிரி இருந்தது. முறைப்படி மாற்றினேன், கெஜட்டிலும் வந்தது. அன்றைக்கு பால்கோவா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா அதைக் கையில் வாங்கினாள், வாயில் போடவில்லை.

"மாத்திட்டியா?" என்றாள். "அப்ப இனிமே அந்தப் பேர்ல யாரும் இல்லியா?"

"இல்லவே இல்லம்மா. கெஜட்லயே போட்டுட்டான்" என்று நான் சிரித்தேன். இதை எழுதும்போதும் அந்தச் சிரிப்பு என் காதில் விழுகிறது. என்ன வாய் எனக்கு!

அம்மாவுக்குப் புதுப் பெயர் லேசில் வரவில்லை. ஒருமுறை மண்டிக்கே பலகாரம் கொண்டுவந்தவள், வாசலில் நின்று "சுய" என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நான் எல்லோர் முன்னாலும், "சுமதின்னு சொல்லும்மா, எத்தன தடவ சொல்றது?" என்று எரிந்து விழுந்தேன். அதன்பிறகு அவள் பழகிக்கொண்டாள். கொல்லையில் பாத்திரம் தேய்க்கும்போது தனக்குத்தானே சுமதி, சுமதி என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததை நானே கேட்டிருக்கிறேன். கேட்டு, பரவாயில்லை தேறிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன்.

என் கல்யாணத்தன்றுதான் விஷயம் தெரிந்தது. மண்டபத்து வாசலில் தெர்மாகோலில் வெட்டிய சுமதி பளபளவென்று இருந்தது. எனக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த பெரியம்மா, அம்மாவின் அக்கா, திடீரென்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மூத்தவ இருந்திருந்தா மொதல்ல அவளுக்கில்ல இந்நேரம் பண்ணியிருப்பா உங்கம்மா."

"எந்த மூத்தவ?"

பெரியம்மா பூவை மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள். அம்மாவுக்கு எனக்கு முன்னால் ஒரு பெண் பிறந்திருக்கிறாள். நந்தி கல்யாணத்தன்று, மேளச் சத்தத்தில் பிறந்தவள். அவள்தான் சுயசாம்பிகை. மூன்று வயதில் ஒரு காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. போட்டோ கிடையாது, எடுத்துவைத்த சட்டை கிடையாது. அதற்கு அடுத்த ஐப்பசியில் நான் பிறந்தேன். அம்மா வேறு பெயர் யோசிக்கவே இல்லையாம். என்னைத் தூக்கியதும் சுயசா என்றுதான் கூப்பிட்டாளாம்.

கூப்பிட்டுப் பழகிடுச்சு என்று அம்மா அன்றைக்கே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். எனக்குத்தான் காது கேட்கவில்லை. அக்கா விட்டுப்போனது அந்த ஒரு பெயர்தான். அதைத்தான் நான் பால்கோவா வாங்கிக் கொண்டாடித் தொலைத்திருக்கிறேன். தெரிந்து செய்யவில்லையே என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். அது ஒன்றும் எடுபடுவதாக இல்லை.

அம்மாவிடம் அதைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. அவளும் பேசவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபோது ஒருநாள் குனிந்து, "அம்மா, என்னப் பழைய பேரச் சொல்லிக் கூப்புடேன்" என்றேன். அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். "எதுக்கு? ஒனக்குத்தான் அது புடிக்காதே, சுமதி" என்றாள். குத்திக் காட்டவில்லை. பிள்ளைக்குப் பிடிக்காத காய்கறியை ஒதுக்கி வைப்பது போலச் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இனி குரும்பலூர்க் கதைக்கு வருகிறேன். நிவேதா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு போனில் பெயர் தேடிக்கொண்டிருந்தாள். சதய நட்சத்திரமாம், சு-வில் ஆரம்பிக்க வேண்டுமாம். அரியலூரிலிருந்து வந்திருந்த அவள் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து வசம்பை உரசிக்கொண்டிருந்தார்.

"அத்தை, பழைய பேரா ஒண்ணு சொல்லுங்களேன். ஆனா யாருக்குமே இருக்கக் கூடாது. நெட்ல தேடினாலும் வரக் கூடாது."

சு-வில் ஆரம்பிக்கும், பழையது, யாருக்கும் இல்லாதது. யாருக்கும் இல்லாமல் பண்ணியவளே நான்தான்.

"சுயசாம்பிகை" என்றேன். "சுயசான்னு கூப்பிடலாம்."

"சுயசா..." நிவேதா சொல்லிப் பார்த்தாள். அவள் வாயில் அது அத்தனை அழகாக இருந்தது. "செமையா இருக்கு அத்தை! யாரு பேரு இது?"

என் பேரு என்று சொல்லியிருக்கலாம், அது பொய்யில்லை. ஆனால் இத்தனை நாள் என்னுடையதாக வைத்துக்கொண்டு கேவலப்படுத்தியது போதும், இன்றைக்காவது உரியவளிடம் கொடுப்போம் என்று தோன்றிவிட்டது.

"எங்க அக்கா பேரு" என்றேன். அக்கா என்று வாழ்க்கையிலேயே அன்றுதான் சொல்கிறேன்.

"அக்காவா? எங்கங்க இருக்காங்க?" என்றார் மாமியார்.

"மூணு வயசுல போயிட்டா."

வசம்பு உரசிய கை நின்றது. "வேணாங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. தவறிப்போன புள்ள பேரு, பச்சப் புள்ளைக்கு வேணாம்."

அவர்மேல் என்ன தப்பு? கைக்குழந்தை இருக்கும் எந்த வீட்டிலும் அதைத்தான் சொல்வார்கள். நிவேதா என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டு மறுபடி போனைத் திறந்தாள். நான் மட்டும் என் பேரு என்று சொல்லியிருந்தால்! சர்க்கரை வியாதியோடு குத்துக்கல்லாட்டம் எதிரில் உட்கார்ந்து டீ குடிக்கிறவளின் பெயரை யார் வேண்டாம் என்று சொல்லப்போகிறார்கள்? அக்காவுக்கு நியாயம் செய்கிறேன் என்று போய், அவளை இரண்டாம் தடவையாக வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு வந்தேன்.

குழந்தைக்கு சுஹானிகா என்று வைத்தார்கள். அத்தைப் பாட்டி என்ற முறையில் நான்தான் காதில் மூன்று முறை சொன்னேன். தடுமாறாமல் சொன்னேன்.

நேற்று பெரம்பலூரில் என் வீட்டில் யாரும் இல்லை. அம்மா போய்விட்டாள், பெரியம்மாவும் போய்விட்டாள். பங்குனியில் குருக்கள் மந்திரத்தோடு ஒருமுறை அந்தப் பெயரைச் சொல்லுவார், ஆனால் அது நந்தியின் பெண்டாட்டியை. என் அக்காவைக் கூப்பிட இனி நான் ஒருத்திதான். வாய்விட்டுக் கூப்பிட்டுப் பார்ப்போம் என்று ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். 'சுய' வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. எனக்குக் கூப்பிட்டுப் பழக்கமில்லை.